ஒளியொலிப் படமெடுப்பு: திசுக்களுக்குள் ஒலி செல்லும் வழியும் படத்தில் அது விடும் தடமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லேசர் ஒளியை உடலுக்குள் செலுத்தி, அங்கிருந்து எழும் ஒலியைக் கேட்டுப் படம் வரையும் முறைக்கு ஒளியொலிப் படமெடுப்பு என்று பெயர். இதைப் பற்றிய பேச்சில் லேசருக்கே முதலிடம் கிடைக்கிறது. ஆனால் திரையில் ஓர் இரத்தக்குழாய் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறதா, இல்லாத குழாய் ஒன்று தோன்றுகிறதா என்பவற்றைப் பெரும்பாலும் முடிவு செய்வது, ஒலி தோலை வந்தடைவதற்குள் கடந்த வழிதான். கீழேயுள்ள விடைகள் அந்த வழியைப் பற்றியே அதிகம் பேசுகின்றன.

ஒளி எப்படி ஒலியாக மாறுகிறது?

மின்னல் வெட்டும்போது அதன் பாதையிலுள்ள காற்று திடீரெனச் சூடாகி விரிவதால் இடி முழங்குகிறது. திசுவிலும் நடப்பது அதுவே, அளவு மட்டும் மிகச் சிறியது. சில நானோவினாடிகளே (நானோவினாடி என்பது வினாடியின் நூறு கோடியில் ஒரு பங்கு) நீடிக்கும் லேசர் துடிப்பு ஒன்று உடலுக்குள் பாயும்போது, இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின், தோலிலுள்ள மெலனின் போன்ற நிறப்பொருள்கள் அதை உட்கவர்ந்து ஒரு டிகிரியின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சூடாகின்றன. அந்தச் சிறு சூட்டுக்குக்கூடத் திசு விரிய முயல்கிறது. விரிய இடமில்லாததால் அழுத்தம் எழுகிறது. அந்த அழுத்தம் அலையாகச் சுற்றிலும் பரவுகிறது. தோலின்மீது வைத்த உணரி அதைப் பதிவு செய்கிறது.

மின்னலுக்கும் இடிக்கும் இடைப்பட்ட வினாடிகளை எண்ணி, மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று தொலைவைக் கணிப்பவர்கள் நம்மில் பலர். ஒளியொலிக் கருவியும் அதே கணக்கைத்தான் போடுகிறது. வினாடிக்குப் பதிலாக மைக்ரோவினாடி, கிலோமீட்டருக்குப் பதிலாக மில்லிமீட்டர்.

இது புதிய கண்டுபிடிப்பா?

விளைவு பழையது, மருத்துவப் பயன்பாடுதான் புதியது. தொலைபேசியால் புகழ்பெற்ற அலெக்சாண்டர் கிரகாம் பெல், ஒளிக்கற்றையின் வழியே பேச்சை அனுப்ப முயன்றபோது, 1880இல் தம் உதவியாளர் சார்லஸ் சம்னர் டெய்ன்டருடன் இதைக் கண்டார். துளைகளிட்ட சுழலும் தகட்டின் வழியே விட்டுவிட்டு விழுந்த சூரிய ஒளி, மெல்லிய திடப்பொருள் தகடுகளை ஒலிக்கச் செய்தது. கருமையான பொருள்கள், குறிப்பாக விளக்குக் கரி, உரக்க ஒலித்தன. அடுத்த ஆண்டே ஜான் டிண்டலும், பின்னாளில் எக்ஸ் கதிரைக் கண்டறியவிருந்த ராண்ட்ஜனும் வாயுக்களில் இதைச் சோதித்தார்கள். உடலுக்குள் பார்க்க இதைப் பயன்படுத்த, குறுந்துடிப்பு லேசரும் உணர்திறன் மிக்க மீயொலி (காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண் ஒலி, அதாவது அல்ட்ராசவுண்ட்) உணரியும் வரும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 2003இல் லிஹோங் வாங் என்ற ஆய்வாளரின் குழு, எலியின் தோலையும் மண்டையோட்டையும் திறக்காமலேயே அதன் மூளை இரத்தக்குழாய்களைப் படமெடுத்துக் காட்டியது. இத்துறை பரவலாகக் கவனிக்கப்படத் தொடங்கியதில் அந்தப் படத்துக்குப் பங்குண்டு.

லேசர் துடிப்பு ஏன் நானோவினாடி அளவில் இருக்க வேண்டும்?

சூடாக்கும் வேலை முடிவதற்குள் வெப்பமும் அழுத்தமும் அந்த இடத்தை விட்டு நழுவிவிடக் கூடாது என்பதற்காக. 15 மைக்ரோமீட்டர் அளவுள்ள ஒரு திசுத் துணுக்கை எடுத்துக்கொண்டால், அதிலிருந்து வெப்பம் கசிந்து வெளியேற ஏறக்குறைய 1.7 மில்லிவினாடி ஆகும். ஆனால் அழுத்தம் அதைக் கடந்து செல்ல 10 நானோவினாடியே போதும். ஆகவே வெப்பத்தைப் பற்றிக் கவலையில்லை, அவசரமெல்லாம் அழுத்தத்தால்தான். துடிப்பு நீண்டுவிட்டால் அழுத்தம் சேரும்போதே வழிந்தோடிவிடும். எழும் ஒலி வலுவிழந்து, விளிம்பு மழுங்கியதாக இருக்கும்.

எழும் அழுத்தத்தின் அளவு எதைப் பொறுத்தது?

மூன்றைப் பொறுத்தது: அந்த இடத்தை வந்தடைந்த ஒளியாற்றல், அதை உட்கவரும் திறன், உட்கவர்ந்த வெப்பத்தை அழுத்தமாக மாற்றும் திறன். தொடக்க அழுத்தம் இம்மூன்றின் பெருக்கற்பலன். மூன்றாவதற்குக் குருனைசன் எண் என்று பெயர். வெப்ப விரிவுக் குணகத்தை ஒலி வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கித் தன்வெப்பத்தால் வகுத்தால் அது கிடைக்கும். மென்திசுவில் ஒரு மில்லிகெல்வின் வெப்பநிலை உயர்வு சுமார் 800 பாஸ்கல் அழுத்தத்தை எழுப்பும். இது வளிமண்டல அழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. வழக்கமான அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் அனுப்பும் அலையோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு.

குருனைசன் எண்ணில் ஒரு வேடிக்கை உண்டு. நீர் 4 டிகிரி செல்சியஸில் சூடேறினாலும் விரிவதில்லை என்பது பள்ளியிலேயே படித்த செய்தி. அந்த வெப்பநிலையில் நீரின் மீது எவ்வளவு ஒளியைப் பாய்ச்சினாலும் அதிலிருந்து ஒளியொலி எழாது. உடல் வெப்பநிலையான 37 டிகிரியில் நீரின் குருனைசன் எண் சுமார் 0.2, அறை வெப்பநிலையில் 0.12 அளவே. ஆகவே அறையில் வைத்த மாதிரிப் பொருளைக் கொண்டு அளவுதிருத்தம் செய்த கருவி, நோயாளியின் உடலில் வேறு எண்ணைக் காட்டினால் வியப்பதற்கில்லை. இதே பண்பைத் திருப்பிப் பயன்படுத்தி, வெப்ப சிகிச்சையின்போது திசுவின் வெப்பநிலையை வெளியிலிருந்தே கணிக்கும் முயற்சிகளும் நடக்கின்றன.

ஒளியைக் கொண்டே படமெடுத்துவிடலாமே, ஒலி எதற்கு?

கைவிரலுக்குப் பின்னால் டார்ச் விளக்கை அடித்துப் பாருங்கள். விரல் முழுவதும் சிவப்பாக ஒளிர்கிறது, ஆனால் எலும்பின் நிழல் தெளிவாகத் தெரிவதில்லை. ஒளி உள்ளே போகாமல் இல்லை. போகும் வழியெல்லாம் சிதறுகிறது. ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்குள்ளாகவே அது தன் திசையை மறந்துவிடும். மீயொலி திசுவில் சிதறுவது ஒளியைவிட நூறு முதல் ஆயிரம் மடங்கு குறைவு. எனவே ஒளி எந்த வழியாக வந்து சேர்ந்தது என்பதைப் பொருட்படுத்தாமல், அது உட்கவரப்பட்ட இடத்திலிருந்து நேராக வரும் ஒலியை நம்பலாம். சில சென்டிமீட்டர் ஆழத்தில்கூட மில்லிமீட்டருக்கும் குறைவான பிரிதிறன் (அருகருகே உள்ள இரண்டு புள்ளிகளைப் பிரித்துக் காட்டும் திறன்) கிடைப்பது இதனால்தான்.

எல்லாப் பொருளும் ஒரே மாதிரியான ஒலியைத்தான் எழுப்புமா?

இல்லை. சிறிய மணி கீச்சென்றும் கோயில் மணி கனத்தும் ஒலிப்பதுபோல, ஒளியை உட்கவரும் பொருளின் அளவே அலையின் அதிர்வெண்ணைத் தீர்மானிக்கிறது. ஒலியின் வேகத்தைப் பொருளின் விட்டத்தால் வகுத்தால் அதிர்வெண்ணின் தோராய மதிப்பு வரும். 100 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள குழாய் 15 மெகாஹெர்ட்ஸை ஒட்டியும், ஒரு மில்லிமீட்டர் குழாய் 1.5 மெகாஹெர்ட்ஸை ஒட்டியும், 5 மில்லிமீட்டர் கட்டி ஒன்று 0.3 மெகாஹெர்ட்ஸை ஒட்டியும் ஒலிக்கும்.

இதில் நடைமுறைச் சிக்கல் ஒன்று மறைந்திருக்கிறது. மருத்துவமனையிலுள்ள அல்ட்ராசவுண்ட் புரோப்கள் (தோலின்மீது வைக்கும் உணரிக் கருவிகள்) பெரும்பாலும் சில மெகாஹெர்ட்ஸை மையமாகக் கொண்ட ஒரு குறுகிய பட்டைக்குள்தான் நன்றாகக் கேட்கும். அந்தப் புரோப்பையே ஒளியொலிக்கும் பயன்படுத்தினால், பெரிய பொருளின் கனத்த ஒலி அதன் காதில் விழாது. திடீரென மாறும் விளிம்புகளின் ஒலி மட்டுமே விழும். அகலமான சிரை ஒன்று நிறைந்த குழாயாகத் தெரியாமல், மேலும் கீழுமாக இரண்டு கோடுகளாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான். நடுவே இரத்தம் இல்லை என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது.

திசுவின் வழியே வரும்போது அலை எவ்வளவு வலுவிழக்கிறது?

மென்திசுவில் பொதுவாக ஒரு சென்டிமீட்டருக்கு, ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு அரை டெசிபெல் என்று கணக்கிடுவார்கள். 10 மெகாஹெர்ட்ஸ் அலை 4 சென்டிமீட்டர் கடந்து வந்தால் 20 டெசிபெல் இழக்கும். அதாவது அழுத்தம் பத்தில் ஒரு பங்காகும். வழக்கமான அல்ட்ராசவுண்டில் அலை போய்த் திரும்ப வேண்டும் என்பதால் அதே ஆழத்துக்கு இழப்பு 40 டெசிபெல். ஒளியொலியில் ஒருவழிப் பயணம் மட்டுமே என்பது அதன் சலுகை. ஆனால் அந்தச் சலுகையை ஒளி பறித்துக்கொள்கிறது: ஆழம் கூடக்கூட ஒளி அடுக்கு விகிதத்தில் குறைவதால், கீழே தோன்றும் ஒலியே மெல்லியதாக இருக்கிறது.

அதிர்வெண் கூடினால் இழப்பும் கூடுகிறது என்பதால் திசு ஒரு வடிகட்டியாகவே இயங்குகிறது. ஆழத்திலுள்ள நுண்குழாயின் கூர்மையான ஒலி வரும் வழியிலேயே மழுங்கி, அது உண்மையில் இருப்பதைவிடத் தடித்ததாகப் படத்தில் தெரியும். பயன்படும் பிரிதிறன் ஆழத்தில் ஏறக்குறைய 200இல் ஒரு பங்கு என்பது இத்துறையினர் மனத்தில் வைத்திருக்கும் கணக்கு: 4 சென்டிமீட்டர் ஆழத்தில் 0.2 மில்லிமீட்டர். விளம்பரப் படங்களில் ஆழமும் நுட்பமும் ஒருங்கே கிடைப்பதுபோலத் தோன்றினால், அளவுகோலைத் தேடிப் பார்ப்பது நல்லது. பல நேரங்களில் அது எலியின் படமாக இருக்கும்.

ஒலியின் வேகம் இடத்துக்கு இடம் மாறுமா? மாறினால் படம் என்ன ஆகும்?

மாறும், படமும் பிழைபடும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வியைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். நீரில் ஒலி 37 டிகிரியில் வினாடிக்குச் சுமார் 1,520 மீட்டர் செல்கிறது. மென்திசுவுக்குச் சராசரியாக 1,540 என்று கருவிகள் வைத்துக்கொள்கின்றன. கொழுப்பில் அது ஏறக்குறைய 1,450. கெட்டியான எலும்பில் 3,000க்கும் மேல். கருவிக்கு உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாது. அது வந்து சேர்ந்த நேரத்தை 1,540ஆல் பெருக்கி, இவ்வளவு ஆழம் என்று புள்ளியை வைத்துவிடுகிறது.

தோலுக்கடியில் 2 சென்டிமீட்டர் கொழுப்பு, அதற்கும் கீழே ஓர் இரத்தக்குழாய் என்று வைத்துக்கொள்வோம். கொழுப்பைக் கடக்க ஒலிக்கு 13.8 மைக்ரோவினாடி ஆகிறது. கருவி அதை 21.2 மில்லிமீட்டர் என்று படிக்கும். குழாய் ஒன்றேகால் மில்லிமீட்டர் கீழே தள்ளி வரையப்படும். 5 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 0.3 மில்லிமீட்டர்தான் என்பதால், இது நான்கு அலைநீளப் பிழை. ஆழம் மட்டும் தவறினால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். புரோப்பிலுள்ள நூற்றுக்கணக்கான உணரிகளுக்கும் ஒரே குழாயிலிருந்து அலை வெவ்வேறு தடிமனுள்ள கொழுப்பைக் கடந்து வருகிறது. ஒவ்வொன்றும் வெவ்வேறு அளவு தாமதமாகிறது. அவற்றை ஒன்றுகூட்டும்போது அலைகள் ஒத்துப்போகாமல், புள்ளி வில்லாக வளைகிறது அல்லது இரண்டாகப் பிளக்கிறது. இருக்கும் ஒரு குழாய் இரண்டாகத் தெரிவதற்கு நோய்தான் காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை.

படம் கூர்மையாகும்வரை வேகத்தின் மதிப்பைச் சிறிது சிறிதாக மாற்றிப் பார்ப்பது எளிய தீர்வு. கொழுப்பையும் தசையையும் தனித்தனி வேகமுள்ள அடுக்குகளாகக் கொள்வது அதைவிட மேலான தீர்வு. மீயொலியை உடலின் குறுக்கே அனுப்பி வேகப்படம் ஒன்றை முதலில் வரைந்துகொள்வது எல்லாவற்றிலும் சிறந்தது, செலவும் அதிகம்.

நுரையீரலையும் குடலுக்குள்ளேயும் இம்முறையில் பார்க்க முடியுமா?

காற்று இருக்கும் இடத்தில் முடியாது. திசுவிலிருந்து காற்றுக்குள் நுழைய முயலும் மீயொலியில் 99.9 விழுக்காட்டுக்கும் மேலான ஆற்றல் திருப்பி அனுப்பப்படுகிறது. புரோப்புக்கும் தோலுக்கும் நடுவே ஜெல் தடவுவதும் இதே காரணத்துக்காகத்தான். காற்றில்லாத குடற்சுவரை வயிற்றின் மேலிருந்து பார்ப்பது மட்டும் சாத்தியம்.

படத்தில் இல்லாத பொருள் தோன்றுவதும், இருக்கும் பொருள் மறைவதும் எப்படி?

முதலில் மறைவது. நீண்ட குழாய் ஒன்று எழுப்பும் அலை, குழாயின் பக்கவாட்டில் செங்குத்தாகப் பரவுகிறது. அதன் நுனி நோக்கிய திசையில் மிகக் குறைவாகவே செல்கிறது. தோலுக்கு இணையாக ஓடும் குழாயின் அலை புரோப்பை நேராக வந்தடையும். தோலை நோக்கிச் செங்குத்தாக ஏறிவரும் குழாயின் அலை பக்கவாட்டில் போய்விடும். புரோப் அங்கே இல்லை. எனவே அந்தக் குழாய் திரையில் இராது. உறுப்பைச் சுற்றி வளையமாகவோ அரைக்கோளமாகவோ உணரிகளை அமைத்தால் இந்தக் குறை நீங்கும். மார்பகத்துக்கு அது இயலும். கழுத்துக்கும் வயிற்றுக்கும் எளிதல்ல.

அடுத்து, இல்லாதது தோன்றுவது. லேசர் முதலில் தாக்குவது தோலை. அங்கே எழும் வலுவான அலை மேலே மட்டுமன்றிக் கீழேயும் செல்கிறது. ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் எலும்பு இருந்தால் அதில் மோதித் திரும்பி வருகிறது. மொத்தம் 2 சென்டிமீட்டர் பயணம். ஒளியொலிக் கருவியோ எல்லா அலையும் ஒருவழியாகவே வந்தது என்று நம்புவதால், 2 சென்டிமீட்டர் ஆழத்தில், அதாவது எலும்புக்கும் அடியில், ஏதோ ஒன்று ஒளியை உட்கவர்ந்ததாக வரைந்துவிடும். அதே இடத்தின் அல்ட்ராசவுண்ட் படத்தைப் பக்கத்தில் வைத்து, வலுவான எதிரொலிப்பு ஒன்றின் சரியாக இருமடங்கு ஆழத்தில் இது நிற்கிறதா என்று பார்த்தால் போலி பிடிபடும்.

ஆக்ஸிஜன் அளவை இம்முறையில் துல்லியமாக அறிய முடியுமா?

மாற்றத்தை அறியலாம், துல்லியமான விழுக்காட்டை நம்புவதில் எச்சரிக்கை வேண்டும். ஆக்ஸிஜன் ஏற்றிய ஹீமோகுளோபினும் ஏற்றாத ஹீமோகுளோபினும் 800 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி (ஒளியின் நிறத்தைக் குறிப்பது அதன் அலைநீளம்) ஏறக்குறைய ஒரே அளவில் ஒளியை உட்கவர்கின்றன. 750இல் ஆக்ஸிஜன் இல்லாததும், 850இல் ஆக்ஸிஜன் உள்ளதும் அதிகம் உட்கவர்கின்றன. இரண்டு நிறங்களில் கிடைத்த ஒலிகளை ஒப்பிட்டு விகிதத்தைக் கணக்கிடலாம் என்பது கொள்கை.

ஆனால் உணரி கேட்பது உட்கவர்தலை மட்டுமல்ல, அங்கு வந்து சேர்ந்த ஒளியின் அளவோடு அதைப் பெருக்கிய பலனை. மேலே உள்ள தோலும் இரத்தமும் 750ஐயும் 850ஐயும் வெவ்வேறு அளவில் வடிகட்டிவிட்ட பிறகே ஒளி ஆழத்தை அடைகிறது. அந்த வடிகட்டலைத் திருத்தாமல் வெளியிடும் எண், ஆழம் கூடக்கூட உண்மையிலிருந்து விலகும். திரையில் சிவப்பும் நீலமுமாக அழகாக வண்ணமிட்ட படத்தில் தசம இலக்கத்தோடு ஆக்ஸிஜன் விழுக்காடு அச்சிடப்பட்டிருந்தால், ஒளியின் அளவை எப்படித் திருத்தினார்கள் என்று கேட்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

கருமையான தோலுள்ளவர்களுக்கு இது சரியாக வேலை செய்யுமா?

வேலை செய்யும், ஆனால் கடினமாக. மெலனின் மிகுந்த தோல் ஒளியின் பெரும்பகுதியை மேலேயே எடுத்துக்கொள்கிறது. அதனால் இரண்டு தீங்குகள்: ஆழத்துக்குக் குறைவான ஒளியே செல்கிறது, தோலில் எழும் உரத்த ஒலி முன்பு சொன்ன போலி எதிரொலிகளைப் பெருக்குகிறது. விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் அளவி கருமையான தோலில் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டுவது கோவிட் காலத்தில் பெரிதும் பேசப்பட்டது. அதே தவறு இங்கேயும் நேரலாம். வெளுத்த தோலில் மட்டும் சோதித்த கருவியைத் தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ அப்படியே பயன்படுத்துவதை நான் ஏற்க மாட்டேன்.

இது பாதுகாப்பானதா?

எக்ஸ் கதிரைப்போல அணுக்களை அயனியாக்கும் கதிர்வீச்சு இதில் இல்லை. தோலின் மீது படும் லேசருக்கு வரம்புகள் உண்டு: கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஒரு துடிப்புக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 20 மில்லிஜூல், 800 நானோமீட்டரில் ஏறக்குறைய 32, 1,064இல் 100. கண்ணுக்குத்தான் உண்மையான ஆபத்து. ஆகையால் நோயாளியும் இயக்குபவரும் காப்புக் கண்ணாடி அணிய வேண்டும்.

மருத்துவத்தில் இது எந்த அளவுக்கு வந்திருக்கிறது?

மார்பகக் கட்டிகளில்தான் அதிகம். 757, 1,064 நானோமீட்டர் ஒளியை அல்ட்ராசவுண்டுடன் இணைத்த இமாஜியோ என்னும் கருவிக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2021 ஜனவரியில் ஒப்புதல் அளித்தது. அமெரிக்காவின் கால்டெக் (கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகம்) நிறுவனத்தில் வளைய வடிவ உணரியைக் கொண்டு, மூச்சை ஒருமுறை அடக்கும் 15 வினாடிக்குள் மார்பகம் முழுவதையும் 4 சென்டிமீட்டர் ஆழம்வரை படமெடுத்து 2018இல் வெளியிட்டார்கள். ஜெர்மனியின் எர்லாங்கனில், கிரோன் என்னும் நாள்பட்ட குடல் அழற்சி நோய் உள்ளவர்களின் குடற்சுவர் அழற்சியை ஹீமோகுளோபின் அளவைக்கொண்டு மதிப்பிட்ட ஆய்வு 2017இலும், டுசென் தசைச்சிதைவு உள்ள சிறுவர்களின் தசையில் கொலாஜன் என்னும் நார்ப்புரதம் பெருகுவதைக் காட்டிய ஆய்வு 2019இலும் வெளிவந்தன. குழந்தையை அசையாமல் படுக்கவைத்து எம்ஆர்ஐ எடுக்கும் பாடு அறிந்தவர்களுக்கு, கடைசியாகச் சொன்னதன் பயன் விளங்கும்.

வளர்ந்தவர்களின் மூளையை வெளியிலிருந்தே பார்க்கலாமா?

எலியின் மண்டையோடு தாள்போல மெல்லியது. மனிதனின் மண்டையோடு அப்படியல்ல. அது ஒளியைச் சிதறடிக்கிறது. வெளியேறும் ஒலியின் உயர் அதிர்வெண்களை விழுங்குகிறது. ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புகிறது. எஞ்சியதையும் குறுக்கலையாகவும் (செல்லும் திசைக்குக் குறுக்கே அதிரும் அலை) நெட்டலையாகவும் (செல்லும் திசையிலேயே அதிரும் அலை) பிரித்து வெவ்வேறு வேகத்தில் கடத்துகிறது. நீரிலும் மென்திசுவிலும் குறுக்கலை என்ற ஒன்றைக் கருதவே வேண்டியதில்லை. எலும்பில்தான் அந்தச் சிக்கல் எழுகிறது. ஸ்கேன் படத்திலிருந்து மண்டையோட்டின் வடிவத்தை எடுத்துக் கணினியில் அலையைப் பின்னோக்கி ஓடவிட்டு இவற்றைத் திருத்த முயல்கிறார்கள். கால்டெக் குழு மனித மூளையின் செயல்பாட்டை இம்முறையில் படமெடுத்து, அதை எம்ஆர்ஐ படத்தோடு ஒப்பிட்டுக் காட்டியது உண்மைதான். ஆனால் அதற்கு அவர்கள் தேர்ந்தெடுத்தவர்கள், ஏற்கெனவே அறுவை சிகிச்சையில் மண்டையோட்டின் ஒரு பகுதி நீக்கப்பட்டிருந்த நோயாளிகள்.